தர்மாஸ்பத்திரியும் அடிபட்ட உடம்பும்: மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் முதலில் நான்கே பிரிவுகள் கொண்டதாக இருந்தது. ஒரு தாளில் அச்சடித்துவிடலாம். முதல் பிரிவு பெயரும் எல்லையும். இரண்டாவது, நோய் பரவாமல் தடுக்க எந்த விதியை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள அரசுக்கு அதிகாரம். மூன்றாவது, அதை மீறுகிறவனுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 188இன்படி தண்டனை. நான்காவது, இந்தச் சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செய்த எந்தக் காரியத்துக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது.

அந்த நான்காவது பிரிவில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். மருத்துவப் பணியாளருக்குச் சட்டப் பாதுகாப்பு என்று இன்றைக்குப் பேசும்போது அடி, உதை, கத்திக்குத்து இவற்றிலிருந்து பாதுகாப்பு என்றுதான் பொருள்கொள்கிறோம். காலனிய அரசு நினைத்த பாதுகாப்பு வேறு. வீடு புகுந்து நோயாளியைத் தூக்கிப்போகிற, தட்டுமுட்டுச் சாமானைத் தெருவில் போட்டுக் கொளுத்துகிற அரசின் கையை நீதிமன்றம் தொடாமல் பார்த்துக்கொள்வது. நூற்றிருபத்து மூன்று வருஷம் கழித்து, 2020 ஏப்ரலில், இதே சட்டத்துக்குள்தான் மருத்துவப் பணியாளர்களின் உடம்பைக் காப்பதற்கான பிரிவுகள் செருகப்பட்டன. வேறு புதுச் சட்டம் ஒன்று செய்யாமல் ஏன் இந்தப் பழைய சட்டிக்குள்ளேயே அதையும் போட்டார்கள் என்பது வெறும் சட்ட நுணுக்கம் சார்ந்த கேள்வி இல்லை. இடைப்பட்ட காலத்தில் அடித்தவர் யார், அடிபட்டவர் யார், சட்டம் யாரைப் பார்த்தது, யாரைப் பார்க்காமல் விட்டது என்பதை ஒலக்கூர் மாதிரி ஓர் ஊரிலிருந்து யோசித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. அடுத்த மாதமே ஆலைத் தொழிலாளர்கள் திரண்டுபோய் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். உள்ளே கொண்டுபோனவன் உயிரோடு திரும்புவதில்லை என்ற பேச்சு நகரம் முழுக்கப் பரவியிருந்தது. 1897 பிப்ரவரி 4இல் சட்டம் வந்தது. ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ராண்டைப் புனேயில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ராண்ட் மருத்துவர் இல்லை. பிளேக் குழுவின் தலைவராக உட்கார வைக்கப்பட்ட ஐ.சி.எஸ். அதிகாரி. வீடுகளைச் சோதனையிட அவர் அனுப்பியது சிப்பாய்களை. ஊசியும் துப்பாக்கியும் ஒரே வரிசையில் தெருவுக்குள் வந்தன.

டேவிட் ஆர்னால்டு இந்தக் காலத்தை எழுதிய கட்டுரை 1987இல் சபால்டர்ன் ஸ்டடீஸ் ஐந்தாம் தொகுதியில் வெளியானது. உடம்பு என்பதே காலனிய அதிகாரம் வந்து மோதிய களம் என்ற அவருடைய வாதம் நமக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. நம் பத்திரிகைகளில் அதன்பிறகு மருத்துவமனை என்றாலே சிறைச்சாலை, பள்ளிக்கூடம், இராணுவ முகாம் என்கிற பட்டியலில் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடும் பழக்கம் வந்துவிட்டது. மருத்துவமனைமீது விழுந்த ஒவ்வொரு கல்லும் கலகக் கல்லாகிவிட்டது. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கல் யார்மேல் விழுகிறது என்பதை இந்த வாசிப்பு கேட்பதேயில்லை. ராண்ட் சுடப்பட்டார். ராத்திரியில் வார்டுக்குள் நிற்கிறவர், தூளி கட்டி நோயாளியைத் தூக்குகிறவர், பீ மூத்திரம் அள்ளுகிறவர், கம்பவுண்டர், தாதி இவர்களில் எவரும் ஐ.சி.எஸ். இல்லை. அதிகாரத்தின் கை என்று நாம் சொல்லும் கை பெரும்பாலும் கூலிக்கு எடுத்த கை. அடி அந்தக் கைக்கு, அந்தஸ்து மேலே.

அம்மை குத்துகிறவர்கள் கதையும் இதே கதைதான். மாரியாத்தா உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று நம்புகிற வீட்டில் போய், ஆத்தாளை வராமல் தடுக்க ஊசி போடுகிறேன் என்று நின்றவர் உள்ளூர் ஆள். அவருக்குச் சம்பளம் சொற்பம். ஊர் அவரைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. மேலதிகாரி எத்தனை பேருக்குக் குத்தினாய் என்று கணக்குக் கேட்டார்.

சுதந்திர இந்தியாவில் இந்தக் கணக்கு வேறு உருவம் எடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மாவட்டவாரியாக, ஊழியர்வாரியாக இலக்கு வைக்கும் முறை 1996 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் கைவிடப்பட்டது. அதுவரை அந்த இலக்கு கடைசியாக வந்து இறங்கிய தோள் கிராமத்துச் செவிலியருடையது. எங்கள் பக்கத்தில் எழுபதுகளின் இறுதியில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வுபெற்ற ஒரு நர்சம்மா இருக்கிறார். அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அப்பல்லாம் எங்களக் கண்டா பொம்பளைங்க பின்வாசல் வழியா கொல்லைக்கு ஓடிடுவாங்க. கேஸ் புடிக்க வந்துட்டாடின்னு சத்தம் குடுப்பாங்க. மாசத்துக்கு இத்தினி கேஸுன்னு மேல கணக்கு கேப்பாங்க. ஒரு ஊட்ல வெளக்கமாத்த எடுத்துக்கினு வந்தாங்க. நான் யாருகிட்ட போயி சொல்றது தம்பி? அவங்க கோவப்படறதும் ஞாயந்தான."

அந்தக் கடைசி வாக்கியம் எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒன்று. அடி வாங்கப்போன இடத்தில் நிற்கிற ஒருவர், அடிக்க வந்தவரின் நியாயத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். 'பாதிக்கப்பட்டவர்', 'குற்றவாளி' என்ற இரண்டு பெட்டி மட்டும் வைத்திருக்கும் குற்றவியல் மொழிக்கு இவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது.

*

ஒலக்கூர் திண்டிவனத்துக்கு வடக்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஊர். செங்கல்பட்டு - விழுப்புரம் இருப்புப்பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனும் உண்டு. ஒன்றியத் தலைநகரம் என்று பெயர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். அளவுகோலைக் குறைசொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் பிரசவம் வீட்டுத் திண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததில் இந்தச் சின்னக் கட்டடங்களின் பங்கு பெரிது. சும்மா சொல்லக்கூடாது.

சிக்கல் அதற்கு மேலே தொடங்குகிறது. நிலைமை கொஞ்சம் மோசமென்றால் திண்டிவனம். அங்கிருந்து முண்டியம்பாக்கம், இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர், இல்லையென்றால் வடக்கே திரும்பிச் செங்கல்பட்டு. தென்னாற்காடு பிரிக்கப்பட்டு 1993இல் விழுப்புரம் மாவட்டம் உருவானது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2010இல். நடுவில் பதினேழு வருஷம் இந்தப் பெரிய மாவட்டத்துக்குச் சொந்தமாக ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிடையாது. மக்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் 'எழுதிக் குடுத்துட்டாங்க' என்பது. "திண்டிவனத்துல பாத்தாங்க, ஜிப்மருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க." எழுதிக்கொடுக்கிற சீட்டு ஒரு துண்டுக் காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது சொந்தக்காரனுக்குப் புரியாது. ஏன் எழுதினார்கள் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதும் கிடையாது. இரண்டாவது ஆஸ்பத்திரியிலோ, மூன்றாவதிலோ, வழியில் வண்டியிலோ உயிர் போகிறது. அப்போது எதிரில் யார் நிற்கிறாரோ அவர்தான் அரசு. பெரும்பாலும் அது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பயிற்சி மருத்துவர். அல்லது ஒப்பந்தச் சம்பளத்தில் ராத்திரி டியூட்டி பார்க்கும் நர்சு. படுக்கை எத்தனை, பணியிடம் எத்தனை என்று முடிவு செய்கிறவர் அந்த நேரத்தில் அங்கே இருக்கமாட்டார்.

கோபம் வெடிக்கும் இந்த இடத்துக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. அதை இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்து வாசித்தால்தான் பிடிக்க முடியும்.

1995 நவம்பர் 13இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் என்றது. மருத்துவர்களின் ஏகபோகத்துக்கு விழுந்த அடி என்று நம் ஆட்கள் பலர் இதை வரவேற்றார்கள். ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: எல்லாருக்கும் இலவசமாகவே மருத்துவம் செய்யும் அரசு மருத்துவமனையில் நோயாளி நுகர்வோர் அல்லர். பதிவுக்கென்று ஏதோ சில்லறை வாங்கினாலும் அல்லர். 2019இல் வந்த புதிய நுகர்வோர் சட்டமும் இலவசச் சேவையை வெளியில்தான் வைத்திருக்கிறது. ஆக, திண்டிவனத்தில் தனியார் நர்சிங் ஹோமில் பணம் கட்டியவனுக்கு ஒரு வாசல் திறந்தது. ஒலக்கூரில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றவனுக்குத் திறக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமே என்பார்கள். போடலாம். கூலிக்குப் போகிறவன் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்ப் போடலாம்.

தமிழில் 'தர்மாஸ்பத்திரி' என்ற சொல் எப்படி இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது என்று யோசித்ததுண்டு. அரசு ஆஸ்பத்திரி வரிப்பணத்தில் நடக்கிறது என்று தெரிந்த பின்னும் பெரியவர்கள் வாயில் அது தர்மாஸ்பத்திரிதான். தர்மம் என்றால் கொடுப்பவனுக்குப் புண்ணியம், வாங்குபவனுக்கு வாய்பொத்தல். இனாமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. 1995 தீர்ப்பு இந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் தர்க்கத்தைத்தான் சட்ட மொழியில் திருப்பி எழுதியது என்பது என் வாசிப்பு. இத்தனைக்கும் இலவசம் என்பது முழு உண்மையும் இல்லை. மருத்துவமனையின் பிறப்பு குறித்து 1963இல் எழுதிய நூலில் ஃபூக்கோ இதைத் தொட்டிருக்கிறார்: இலவச மருத்துவமனையில் படுக்கும் ஏழை தன் உடம்பைப் பாடமாகத் தருகிறான், அதில் கற்ற வித்தை பணக்காரன் வீட்டுக்குப் போகிறது. நம் மருத்துவக் கல்லூரி வார்டுகளில் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது கட்டிலில் இருப்பவர் கட்டணம் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார். சட்டம் அதை ரசீதில் காட்டுவதில்லை.

இரண்டாவது தீர்ப்பு 1996 மே 6இல் வந்தது. பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி எதிர் மேற்கு வங்க அரசு. வழக்குப் போட்டது விவசாயக் கூலிகளின் அமைப்பு என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். அவர்களின் உறுப்பினர் ஹக்கீம் ஷேக் 1992 ஜூலை 8இல் மதுராபூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. ராத்திரி கல்கத்தா நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள்; படுக்கை இல்லை. அடுத்து கல்கத்தா மருத்துவக் கல்லூரி, இல்லை. ஒவ்வொரு அரசு மருத்துவமனையாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் தனியாரிடம் போய் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவு செய்து பிழைத்தார். அவசர சிகிச்சை மறுக்கப்படுவது அரசியல் சட்டம் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது, பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 25,000 ரூபாய் இழப்பீடு. ஒலக்கூர் ஸ்டேஷனில் ஒருவர் விழுந்தால் அவருடைய பாதையும் இதேதான், ஊர்ப் பெயர்கள் மட்டும் வேறு.

ஹக்கீம் ஷேக்குக்கு முதலில் படுக்கை இல்லை என்று சொன்ன அதே நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவமனையில்தான் 2019 ஜூன் 10 இரவு, முதியவர் ஒருவர் இறந்ததையொட்டிக் கூட்டமாக வந்தவர்கள் பயிற்சி மருத்துவர்களைத் தாக்கினார்கள். பரிபஹ முகோபாத்யாய் என்ற இளம் மருத்துவரின் மண்டையோடு உடைந்தது. நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. மருத்துவர்களைத் தாக்கினால் பத்து வருஷம் வரை சிறை என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வரைவு தயாரித்தது. ஒரு தொழிலாருக்கு மட்டும் தனிச் சட்டம் எதற்கு என்று உள்துறை அமைச்சகம் ஆட்சேபிக்க, அது கிடப்புக்குப் போனது. அந்த வாரங்களில் நடந்த இவ்வளவு விவாதத்திலும் 1992இல் அதே வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட கூலித் தொழிலாளியை நினைத்துப் பார்த்தவர்கள் அரிது. மறுக்கப்பட்ட நோயாளிக்கு ஒரு சட்டம், தாக்கப்பட்ட மருத்துவருக்கு ஒரு சட்டம் என்று இரண்டு தனித்தனி வரலாறாக அவை எழுதப்பட்டுவிட்டன. இரண்டும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கம்.

*

இனி நம் மாநிலத்துச் சட்டத்துக்கு வரலாம். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு என்று புகார் வந்தவுடன் மருத்துவரைக் கைதுசெய்யக்கூடாது, வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்து இல்லாமல் வழக்கு நடத்தக்கூடாது என்று வரம்பு கட்டியது. மூன்று வருஷத்தில் தமிழ்நாடு, மருத்துவப் பணியாளர்கள் மற்றும் மருத்துவ நிறுவனங்கள்மீதான வன்முறையையும் சொத்துச் சேதத்தையும் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. 2008ஆம் ஆண்டின் 48ஆம் சட்டம். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பத்து வருஷம் வரை சிறை, அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆந்திரத்திலும் அதே வருஷம் இப்படியொரு சட்டம் வந்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

இதனால் புதிதாகக் காப்புப் பெற்றவர் யார்? அரசு மருத்துவமனை ஊழியர் பொது ஊழியர். அவரை வேலை செய்யவிடாமல் தாக்கினால் 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 353, 332 பிரிவுகள் ஏற்கெனவே உண்டு. இன்றைய நியாய சன்ஹிதாவில் அவை 132, 121 என்று எண் மாறியிருக்கின்றன. பொருளை உடைத்தால் 1992ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் இருந்தது. ஆகவே 2008இல் புதிதாகக் குடைக்குள் வந்தது தனியார் மருத்துவமனையும் அதன் ஊழியரும். இதைத் தப்பு என்று சொல்லவில்லை, தனியார் நர்சிங் ஹோமில் ஆறாயிரம் ஏழாயிரத்துக்கு வேலைபார்க்கும் பெண்ணின் தலையும் தலைதான். ஆனால் சட்டத்தின் தலைப்பிலேயே ஆளும் கட்டடமும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி உடைவதும் கை உடைவதும் ஒரே வாக்கியத்தில், ஒரே வினைச்சொல்லுக்கு முடிகின்றன. நிறுவனம்தான் இங்கே எழுவாய். ஊழியர் அதன் உடைமைப் பட்டியலில் ஓர் உருப்படி.

சட்டத்தின் வரையறை இதை உறுதிசெய்கிறது. பதிவுபெற்ற மருத்துவர், பதிவுபெற்ற செவிலியர், மருத்துவ மாணவர், செவிலிய மாணவர், துணை மருத்துவப் பணியாளர். இவர்கள் அந்த நிறுவனத்தில் பணியமர்த்தப்பட்டு வேலைபார்ப்பவர்களாக இருக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர் பெயர் சொல்லப்படவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் இல்லை. வாசலில் நிற்கும் காவலாளி இல்லை. இவர்களில் யார் எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியதும் அதே 2008இல்தான். சக்கரத்தின்மேல், நெடுஞ்சாலையில், கூட்டத்தின் நடுவில் வேலைபார்க்கும் ஒரு புது ஊழியரை அரசே உருவாக்கிக்கொண்டிருந்த வருஷத்தில், சட்டம் நான்கு சுவருக்குள் இருப்பவரை மட்டும் மனக்கண்ணில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது.

இந்தச் சட்டம் இருந்தும் 2012 ஜனவரி 2இல் தூத்துக்குடியில் மயக்க மருந்து மருத்துவர் சேதுலட்சுமி அவருடைய கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சிகிச்சைக்குப் பின் இறந்துபோன கர்ப்பிணியின் கணவர் ஆட்களோடு வந்து செய்த கொலை. 2024 நவம்பர் 13இல் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜி, ஒரு நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார், பிழைத்துக்கொண்டார். இரண்டு முறையும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், செய்யாமல் எப்படி இருப்பார்கள்? இங்கே நம் தோழர்கள் சிலர் உடனே அமைப்பின் குற்றம், தனியார்மயம் என்று ஆரம்பிக்கிறார்கள். அமைப்பின் குற்றம்தான். ஆனால் கத்தி இறங்கியது அமைப்பின் கழுத்தில் இல்லை. அடித்தவனின் துயரத்தை விளக்குவதற்கு நம்மிடம் இருக்கும் கோட்பாட்டில் பாதியாவது அடிபட்டவரின் பயத்தை விளக்க வேண்டும். மறுநாள் காலையில் அதே வார்டுக்குப் போக வேண்டிய நர்சின் வயிற்றில் கிளம்பும் பயம் குறித்துத் தமிழில் ஒரு நல்ல கட்டுரைகூட என் கண்ணில் பட்டதில்லை.

வன்முறை எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்பது இச்சட்டங்களின் இன்னொரு கற்பிதம். 1973 நவம்பரில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியர் அருணா ஷான்பாக் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கியவன் அங்கேயே வேலைபார்த்த ஊழியன். அவர் நினைவிழந்த நிலையில் நாற்பத்தோரு வருஷங்களுக்கு மேல் அதே மருத்துவமனையில் கிடந்து 2015இல் இறந்தார். கவனித்துக்கொண்டவர்கள் சக செவிலியர்கள். வழக்கு கொள்ளையும் கொலை முயற்சியும் என்றுதான் நடந்தது. பாலியல் வன்முறை வழக்குக்குள் வரவேயில்லை. 2024 ஆகஸ்ட் 9இல் கல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவரை வன்புணர்ந்து கொன்ற குற்றத்தில் தண்டிக்கப்பட்டவன், காவல் துறையோடு இணைந்து வேலைபார்த்த தன்னார்வத் தொண்டன். மேற்கு வங்கத்தில் 2009 முதலே பாதுகாப்புச் சட்டம் உண்டு. அது நோயாளியின் சொந்தக்காரனை எதிர்பார்த்து வாசலில் காத்துக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழு, மாநிலச் சட்டங்களும் பொதுவான குற்றவியல் சட்டமும் போதும், தனியே மத்தியச் சட்டம் தேவையில்லை என்று அறிக்கை தந்தது.

*

தெருவில் நடக்கும் ஊழியரைச் சட்டம் ஒரே ஒரு தடவை பார்த்தது. 2020 ஏப்ரல் 19இல் சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் புதைக்க எதிர்ப்பு. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் காயமடைந்து ஓடினார்கள். நண்பரான மருத்துவர் பிரதீப்குமார் மருத்துவமனை ஊழியர் இருவரோடு ராத்திரியில் திரும்பிவந்து, தானே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். மூன்றாம் நாள், ஏப்ரல் 22இல், கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பரில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. மூன்று மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. கொடுங்காயமென்றால் ஆறு மாதம் முதல் ஏழு வருஷம் வரை. முப்பது நாளில் புலனாய்வு முடிய வேண்டும். குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, கொடுங்காய வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவன் தலையில். இது எனக்கு உவப்பானதில்லை. நம்மைப் போன்றவர்கள் எந்தச் சட்டத்தில் பார்த்தாலும் எதிர்க்க வேண்டிய பிரிவு அது.

ஆனால் அதே திருத்தத்தில் இரண்டு சொற்சேர்க்கைகள் இருந்தன. ஒன்று, பாதுகாக்கப்படுபவர் பட்டியலில் 'சமூக சுகாதாரப் பணியாளர்'. இன்னொன்று, வன்முறை மருத்துவமனை வளாகத்துக்குள் நடந்தாலும் வேறெங்கு நடந்தாலும் என்ற பொருள்பட வரும் தொடர். வீட்டுக்காரன் வீட்டைக் காலிசெய்யச் சொன்னால்கூட, அது வாழ்நிலையைப் பாதிக்கும் துன்புறுத்தல் என்று இதில் வரும். வீடு வீடாகப் போய்ச் சளி, காய்ச்சல் கேட்டு எழுதிய பெண்களை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தச் சில மாதங்கள் அவர்கள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கொள்ளைநோய் முடிந்ததும் அந்தக் காப்பும் உறங்கப் போய்விட்டது, ஏனென்றால் அது 1897இன் சட்டம். நோய் பரவினால்தான் கண் விழிக்கும். நான்கு பிரிவுச் சட்டத்தைத் திருத்தியவர்களுக்கு அடிபடும் உடம்பைவிடப் பரவும் நோய்தான் மையம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நிரந்தரமாகவே இப்படி எழுத முடியாதா என்றால் எழுதியிருக்கிறார்கள். 2023 மே 10இல் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் போலீஸ் கூட்டிவந்த ஆள், இளம் மருத்துவர் வந்தனா தாஸைக் குத்திக் கொன்ற பின், கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி ஆம்புலன்ஸ் ஓட்டுநர், உதவியாளர், காவலாளி எல்லாரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. இன்னொரு முன்மாதிரி மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம ஊழியராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அவருக்கு அலுவலகம் கிடையாது, ஊர்தான் அலுவலகம். விசாரணை நீதிமன்றம் 1995இல் அவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் அந்த நிகழ்விலிருந்து எழுந்த விசாகா வழக்கின் 1997 தீர்ப்பும், அதன் வழிவந்த 2013ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் 'பணியிடம்' என்ற சொல்லைச் சுவருக்கு வெளியே இழுத்து வந்தன. வேலை நிமித்தமாக ஊழியர் போகிற எந்த இடமும், போய்வரும் வண்டியும் பணியிடம் என்கிறது 2013 சட்டம். ஒலக்கூர் ஒன்றியத்தில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலனிக்கும் ஊருக்கும் நடக்கிற செவிலியருக்கு 2008 சட்டத்தில் தேவைப்படுவது இந்த ஒரு வரிதான். தண்டனையை இன்னும் கூட்ட வேண்டியதில்லை. பத்து வருஷம் என்பது ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கண்டு யாரும் கத்தியைக் கீழே போட்டதாகத் தெரியவில்லை.

மறுபக்கத்துக்கும் ஒன்று வேண்டும், அதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். ஹக்கீம் ஷேக் வழக்கு நடந்தபோது மேற்கு வங்க அரசு ஓய்வுபெற்ற நீதிபதி லீலாமய் கோஷ் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டு மற்ற மாநிலங்களும் பின்பற்றலாம் என்றது. அவை ஒன்றும் தத்துவார்த்தமானவை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலில் ஆளைப் பார்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். வந்தவரின் பெயர், வயது, முகவரி, நோய் இவற்றைப் பதிவேட்டில் தெளிவாக எழுத வேண்டும். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், சேர்த்தார்களா, அனுப்பினார்களா, எங்கே அனுப்பினார்கள் என்று எழுத வேண்டும். எழுதியவர் யார் என்பது தெரிய வேண்டும். எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்று சொல்ல மையமாக ஓர் இடம் வேண்டும். 1996இல் சொன்னது. முப்பது வருஷம் ஆகப்போகிறது. நம்மூரில் யாருக்காவது 'எழுதிக் குடுத்தால்' அந்தச் சீட்டை வாங்கிப் பாருங்கள், அதில் நேரம் போட்டிருக்கிறதா என்று.